கரையறிந்து படகேறல்

கடல் கடந்து பொருளீட்டி, ஈட்டிய பொருளை இல்லம் சேர்ப்பித்தல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதொன்றன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராய் அமர்ந்த நம் முன்னோர் அனுப்பிய பணம், இக்குடாநாட்டிற் கல்வீடுகள் எழுதற்கும் பிள்ளைகள் பலர் கல்வி பெறுதற்கும் உதவிற்று. 1983 ஆம் ஆண்டின் பின் மேனாடுகளிற் குடியேறிய நம்மவர் வங்கியையும் உண்டியலையும் நாடினர். இன்றோ ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் இளைஞர் சிலர், கிரிப்டோ நாணயம் எனப்படும் மறைகுறி நாணயத்தைக் குறித்து வினவுகின்றனர். அதனை அனுப்புங்கால் எவ்வலையமைப்பைத் தெரிந்துகொள்ளல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

மக்கள் பணம் அனுப்பும் வழியை ஏன் மாற்றுகின்றனர் என்பதற்கு அண்மைக்காலச் சான்றொன்று உண்டு. வெளிநாடுகளில் உழைப்போர் முறையான வழிகளில் இலங்கைக்கு அனுப்பிய பணம் 2020 இல் ஏறக்குறைய 710 கோடி டொலராயிருந்தது. 2021 இல் 549 கோடியாகவும் 2022 இல் 379 கோடியாகவும் வீழ்ந்தது. வங்கிகள் ஒரு டொலருக்கு இருநூறு ரூபா அளவிலேயே கொடுக்க, உண்டியற்காரர் அதனின் மிகுதியாகக் கொடுத்தமை அவ்வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் முதன்மையானது. இலாபமுள்ள வழியையே மக்கள் நாடுவர் என்பது இதனாற் பெறப்படும். ஆயின் உண்டியலில் ஒரு மனிதர் நின்றார். பெயரோ தொகையோ பிழைத்ததாயின், ஆளனுப்பித் திருத்திக்கொள்ளலாம். நாம் கூறப்புகும் முறையிலோ அத்தகைய மனிதர் எவரும் இலர். இவ்வேறுபாட்டை உள்ளத்திருத்தியே மேல்வருவனவற்றைக் கற்றல் வேண்டும்.

பிளொக்செயின் என்பது உலகெங்குமுள்ள கணினிகள் பல ஒரே படியாகப் பேணும் பொதுப் பேரேடு. அதில் வரவு செலவுகள் பக்கம் பக்கமாக எழுதப்பட்டு, ஒவ்வொரு பக்கமும் முன்னைய பக்கத்தோடு சங்கிலிபோற் பிணைக்கப்படும். எழுதியதை அழித்தல் இயலாது. அத்தகைய பேரேடு ஒன்றன்று, பல. பிட்கொயினின் பேரேடு 2009 சனவரியிலும், எதீரியத்தின் பேரேடு 2015 யூலையிலும் தொடங்கின. ட்ரொன் முதலியன பின் வந்தவை. ரெதர் என்னும் நாணயம் ஒரு டொலரின் பெறுமதியோடு ஒத்து நிற்குமாறு வெளியிடப்படுவது. அஃது ஒரே பெயரோடு எதீரியத்திலும் ட்ரொனிலும் வேறு பல பேரேடுகளிலும் வழங்குகின்றது. மயக்கம் பிறப்பது இங்கேதான்.

இதனை நம் தீவகத்தைக் கொண்டு விளக்குவாம். குறிகட்டுவான் துறைக்குச் சென்றோர் அறிவர்: அவ்வொரு துறையிலிருந்தே நயினாதீவுக்கும் படகு செல்லும், நெடுந்தீவுக்கும் படகு செல்லும். அரிசி மூட்டை ஒன்றே; ஏற்றும் துறையும் ஒன்றே. ஆயினும் படகு மாறின் மூட்டை வேறு தீவிலே சென்றிறங்கும். நயினாதீவுப் படகிற் கூலி குறைவென்று நெடுந்தீவுக்குரிய மூட்டையை அதில் ஏற்றுவார் உளரோ? மறைகுறி நாணயத்திலோ அவ்வாறு ஏற்றுவோர் பலர். ஆதலின் முதல் விதி இது: வலையமைப்பைத் தீர்மானிக்க வேண்டியவர் அனுப்புபவர் அல்லர், பெறுபவரே. பெறுபவரின் பணப்பையோ பரிவர்த்தனை நிலையமோ எவ்வலையமைப்பை ஏற்கும் என முதலிற் கேட்டறிக. கூலியை அதன் பின் எண்ணுக.

இரண்டாவது, முகவரியை நோக்குக. ட்ரொன் முகவரி 'ரீ' என்னும் ஆங்கில எழுத்திற் தொடங்கி 34 எழுத்துகளில் முடியும். எதீரிய முகவரி சுழியத்தோடும் 'எக்ஸ்' எழுத்தோடும் தொடங்கி 42 எழுத்துகள் கொண்டது. இவ்விரண்டும் வடிவால் வேறாதலின், ஒன்றிற்குரியதை மற்றொன்றில் இட்டால் பெரும்பாலும் பணப்பையே மறுத்துவிடும். அச்சத்திற்குரியது பிறிதொன்று. பி.என்.பி. சங்கிலி முதலிய சில வலையமைப்புகள் எதீரியத்தின் முகவரி வடிவத்தையே கொண்டன. இரு தீவுகளிலும் ஒரே பெயருடைய வீடு இருத்தல் போல்வது இது. பிழையான தீவுக்கு அனுப்பினும் தடை நிகழாது. பொருள் ஆங்குள்ள வீட்டிற் சென்று கிடக்கும். அவ்வீட்டின் இரகசியச் சாவி பெறுபவரிடமே இருப்பின், அவர் அவ்வலையமைப்பைத் திறந்து பொருளை எடுத்துக்கொள்ளலாம். சாவி பரிவர்த்தனை நிலையத்திடம் இருப்பின், மீட்டுத் தருதல் அந்நிலையத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

மூன்றாவது, கூலியும் காலமும். பிட்கொயினில் ஒரு பக்கம் எழுதப்படச் சராசரி 10 நிமிடமாகும். எதீரியத்தில் 12 விநாடி. ட்ரொனில் 3 விநாடி. எதீரியத்தில் நெருக்கடி மிகுங்காற் கூலியும் ஏறும்; 2021 இல் ஒருமுறை அனுப்புதற்கே பல பத்து டொலர்கள் கொடுக்க நேர்ந்த நாட்களும் உண்டு. நூறு டொலர் அனுப்புவார்க்கு அது பெருஞ்சுமை. மேலும், கூலியை அவ்வவ் வலையமைப்பின் சொந்த நாணயத்திலேயே கொடுத்தல் வேண்டும். தம் சொந்தப் பணப்பையில் ரெதரை மாத்திரம் வைத்து, ட்ரொன் நாணயம் சிறிதும் வையாதார், பொருளிருந்தும் படகேற இயலாதாராவர்.

நான்காவது, எக்ஸ்.ஆர்.பி., ஸ்டெல்லர் முதலியவற்றைப் பரிவர்த்தனை நிலையத்துக்கு அனுப்புங்கால், முகவரியோடு ஓர் அடையாள எண்ணும் பெரும்பாலும் வேண்டப்படும். ஒரே படலையினுள் பல குடும்பங்கள் வாழும் வளவுக்குக் கடிதம் எழுதுவோன், இன்னாருக்கென்று குறியாதுவிடின் யாது பயன்?

ஐந்தாவது, பெருந்தொகைக்கு முன் சிறுதொகை ஒன்றை அனுப்பி, அது சென்று சேர்ந்தமையைப் பெறுபவர் வாய்மொழியாற் கேட்டறிக. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்னும் நம் முதுமொழி இதற்கும் பொருந்தும்.

நிற்க. வலையமைப்புப் பிழையாது பணம் வந்து சேரினும் ஒரு வினா எஞ்சும். பெற்ற நாணயத்தை நம்மூரிற் கடைத்தெருவிற் செலவிடல் இயலாது; அதனை ரூபாவாக மாற்றல் வேண்டும். மறைகுறி நாணயம் இலங்கையிற் சட்டமுறை நாணயம் அன்று. இலங்கை மத்திய வங்கி அதன் இடர்களைக் குறித்துப் பொதுமக்களைப் பலமுறை எச்சரித்தது. வங்கி அட்டைகளைக் கொண்டு அதனை வாங்கலாகாதென 2021 இல் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்கீழ்க் கட்டளையும் பிறந்தது. ஆதலின் செயலில் இறங்குமுன் அந்நாளைய சட்டத்தை விசாரித்தறிதல் இன்றியமையாதது. பெற்றோரின் மருந்துச் செலவுக்கும் தங்கையின் கல்விக்கும் உரிய பணத்தை, வங்கி வழி திறந்திருக்கச் சோதனைப் பொருளாக்கல் அறிவுடைமையாகாது என்பதே எம் கருத்து.

கூலி குறைந்த படகைத் தேடுதல் தவறன்று. எனினும் எக்கரையில் நம்மவர் காத்து நிற்கின்றனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். அறிந்தபின் ஏறுவார்க்கு எப்படகும் நன்றாம். அறியாது ஏறுவார்க்கு விரைந்து செல்லும் படகே பெருங்கேடாம். உலகெங்கும் பரந்து வாழும் நம் பழைய மாணவர் அனுப்பும் ஒவ்வொரு சதமும் உரிய கரை சேர்வதாக.