இரண்டு லட்சம் ஓடிய வண்டியை வாங்கிய தம்பிக்கு

பத்துப் பன்னிரண்டு வயதான டீசல் இன்னோவாவோ ஸ்கார்ப்பியோவோ ஃபார்ச்சூனரோ வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வருகிற இளைஞர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, இன்னும் எவ்வளவு ஓடும்?" என்பதைத்தான். (இன்னோவா எஸ்.யூ.வி. ஆகாது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. பாட்டி முதல் பேரன் வரை ஏற்றிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போகிற பெரிய வண்டி எதுவோ, அதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.) வண்டி ஓடும். மூன்று லட்சம், நான்கு லட்சம் ஓடிய இன்ஜின்களை எந்த டாக்ஸி ஸ்டாண்டிலும் பார்க்கலாம். இரும்பு அவ்வளவு சீக்கிரம் தேயாது. முதலில் கெடுவது ரப்பரும் திரவங்களும்தான். அவற்றைக் கவனிக்காமல் விட்டால்தான் இரும்புக்குக் கேடு வரும். கீழே நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த இரண்டைப் பற்றித்தான்.

1. மீட்டரை நம்பாதீர்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று காட்டும், பிரேக் பெடல் ரப்பர் வழுவழு என்று தேய்ந்திருக்கும், ஸ்டியரிங் தோல் பளபளக்கும். எது பொய் சொல்லாது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் விவரம் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால், வண்டிக்கு இன்றுதான் பிறந்தநாள் என்று வைத்துக்கொண்டு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள், எண்ணெயின் தரம், பில். "போன வருஷம் மாற்றியதாக ஓனர் சொன்னார்" என்பதை அந்த நோட்டில் எழுதக் கூடாது.

2. வண்டிக்குப் பேசும்போதே முதல் சர்வீஸுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். கையில் இருப்பதை எல்லாம் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு, சீட் கவருக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவுக்கும் கடன் வாங்குகிறவர்கள் டைமிங் பெல்ட்டை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போடுவார்கள்.

3. டைமிங் பெல்ட்டைத் தள்ளிப்போடவே கூடாது. 2005-இலிருந்து 2016 வரை இங்கே விற்ற 2.5 டீசல் இன்னோவாவிலும், பழைய 3.0 ஃபார்ச்சூனரிலும் இருப்பது பல் வைத்த ரப்பர் பெல்ட். கிரிஸ்டாவில் செயின் வந்துவிட்டது. உங்கள் வண்டியில் எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைப் பிசகாமல் காப்பது இந்தப் பெல்ட். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் கேம் நின்றுவிடும். அந்த நொடியில் திறந்திருந்த வால்வுகள் திறந்தபடியே நிற்கும். கீழிருந்து பிஸ்டன் ஏறி வந்து அவற்றில் மோதும். வால்வு வளையும், நேரம் சரியில்லை என்றால் பிஸ்டனும் உடையும். ஹெட்டைக் கழற்றாமல் வேலை முடியாது. சில ஆயிரத்தில் தீர வேண்டிய வேலை லட்சத்தைத் தொடும்.

பெல்ட் எச்சரிக்கை செய்துவிட்டுப் போவதில்லை. சத்தமும் வராது, புகையும் வராது. முன்பக்கத்து பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். முதுகில் நுண்ணிய விரிசல், ஓரத்தில் நூல் பிரிந்த தடம், பற்களின் அடியில் வெடிப்பு, எண்ணெய் ஈரம், இவற்றில் எது இருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். எதுவும் இல்லாவிட்டாலும், எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லை என்றால் மாற்றிவிடுங்கள். பில் இருந்தால் கம்பெனிப் புத்தகம் சொல்லும் கிலோமீட்டர் கணக்கு. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு டென்ஷனர் பேரிங்கை விட்டுவைப்பது சிக்கனமே அல்ல. பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் போய்விடும். பழைய பெல்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி மூடிமேல் ஒட்டச் சொல்லுங்கள்.

4. "நம்ம ஊரில் பனியா உறைகிறது, கூலண்ட் எதற்கு?" என்று கேட்டுக்கொண்டே போர் தண்ணீரை ஊற்றுகிறவர்களால்தான் பாதிப் பட்டறைகள் பிழைக்கின்றன. கூலண்ட் உறையாமல் இருப்பதற்கு மட்டுமல்ல, கொதிக்காமலும் துருப்பிடிக்காமலும் இருப்பதற்கும்தான். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்து, ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 120-ஐத் தாண்டித்தான் கொதிக்கும். போர் தண்ணீரிலுள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். அலுமினிய ஹெட்டை உள்ளுக்குள்ளே அரிக்கும்.

காலையில், இன்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது மட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறந்து அதன் அடியைப் பாருங்கள். ரப்பர் வளையம் கல் போல் இறுகியிருந்தால் மூடியை மாற்றுங்கள். சில நூறு ரூபாய்தான், ஆனால் அது அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் மேலே சொன்ன 120 டிகிரிக் கணக்கு பொய். அடியில் செம்மண் நிறத்தில் சேறு இருந்தால் முன்னவர் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார். பாலாடை போல வழவழப்பாக இருந்தால் எண்ணெய் கலக்கிறது, மெக்கானிக்கை உடனே கூப்பிடுங்கள். மூடி திறந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்து, குமிழி விடாமல் வருகிறதா பாருங்கள். வந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி, ஹோஸ்களை விரல்களால் அழுத்திப் பாருங்கள். நல்ல ஹோஸ் அமுங்கி மீளும், செத்த ஹோஸ் மொறமொறக்கும். கிளாம்ப் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அங்கே கசிவு.

வழியில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறினால் ஏ.சி.யை அணையுங்கள், ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள், ஓரம் கட்டுங்கள். குழந்தைகள் வியர்த்தாலும் பரவாயில்லை. சூடான மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். முகம் வெந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். காய்ந்த இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொல்கிற ஆட்கள் சாலையோரத்தில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது இறங்கினால், பெல்ட்டில் சுற்றும் ஃபேன் உள்ள வண்டிகளில் அதன் விஸ்கஸ் கிளட்ச் போயிருக்கக்கூடும். ரேடியேட்டரைப் புதிதாக வாங்குவதற்கு முன்பு அதைப் பாருங்கள்.

5. இன்ஜின் ஆயில் பற்றி எல்லோரும் எல்லாம் சொல்லிவிட்டார்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலோ அது. ஊருக்குள்ளேயே ஓடுகிற பழைய டீசல் வண்டிக்கு ஏழாயிரத்தைந்நூறு. மாதம் இரண்டு முறை டிப்ஸ்டிக் பாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய மறுநாளே கறுக்கும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். அளவு குறைகிறதா என்பதுதான் கேள்வி.

6. டீசல் ஃபில்டரில் சிக்கனம் வேண்டாம். உங்கள் டயருக்குள் இருக்கும் அழுத்தம் இரண்டு பார் சொச்சம். காமன் ரெயில் குழாய்க்குள் இருப்பது ஆயிரம் பாருக்கும் மேல். அந்த அழுத்தத்தைத் தாங்கும் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலே மசகு. டீசலோடு தண்ணீர் போனால் மசகு இல்லாமல் உரசி, பிறகு துருவும் ஏறும். ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். மழைக்காலத்தில் இதை அடிக்கடி செய்யுங்கள். இருபதாயிரத்துக்கு ஒரு முறை ஃபில்டர். டேங்க்கைக் காலியாகும்வரை ஓட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அடியில் தங்கிய கசடெல்லாம் மேலே வரும்.

7. நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு வந்து டீக்கடையில் சட்டென்று சாவியைத் திருப்பாதீர்கள். டர்போவுக்கு எண்ணெய் ஓடுவது இன்ஜின் ஓடும்வரைதான். ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், டீ எங்கும் போய்விடாது.

8. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதை உரிமையாளர்கள் மட்டுமல்ல, மெக்கானிக்குகளும் மறந்துவிடுகிறார்கள். குறைந்தால் மேலே ஊற்றுவதோடு சரி. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புது டாட்-3 எண்ணெய்க்குக் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறிவிட்டால் 140-ஐ எட்டினாலே ஆவியாகத் தொடங்கிவிடலாம்.

சமவெளியில் இது தெரியவே தெரியாது. ஏழு பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது தெரியும். பாதி மலையில் பேட் காய்ந்து, அந்தச் சூடு காலிபருக்குள் போய், எண்ணெயில் குமிழி கிளம்பும். எண்ணெய் அமுங்காது, குமிழி அமுங்கும். கால் வைத்தால் பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான். இரண்டாவது கியரில் இன்ஜின் பிடித்து இழுக்கட்டும், பிரேக் வளைவுக்கு மட்டும். மலைக்குப் போகும் முன் பேட் கனம் பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் என்றால் மாற்றிவிட்டுப் போங்கள். பின்சக்கரத்தில் டிரம் இருந்தால் அதையும் கழற்றிச் சுத்தம் செய்து அட்ஜஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அதை வசதியாக மறந்துவிட்டு, "நாலு சக்கரமும் பார்த்தாச்சு" என்று பில் போடுவது நம் தொழிலில் உள்ள வியாதி.

9. டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வயது தாண்டிய டயரைக் குடும்ப வண்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் வெடிக்கிற டயர் பெரும்பாலும் வயதானதாகவோ காற்று குறைந்ததாகவோ இருக்கும். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும், ஆள் நிறைந்தால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். ஸ்டெப்னி அடியில் தொங்குகிற வண்டியா? ஆறு மாதத்துக்கு ஒரு முறை இறக்கி ஏற்றுங்கள். இறக்கும் சங்கிலி துருப்பிடித்து இறுகிப்போனால், நடுராத்திரி பஞ்சரில் ஸ்டெப்னி இருந்தும் இல்லாத கதைதான்.

10. வருடத்துக்கு ஒரு முறையாவது வண்டியை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி, நீங்களும் கீழே போய் நின்று பாருங்கள். லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருக்கிறதா, பால் ஜாயிண்ட் ஆடுகிறதா, ஷாக் அப்சார்பர் ஒழுகியிருக்கிறதா என்று மெக்கானிக்கைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். புஷ் போன வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. பின்சக்கர டிரைவ் வண்டி என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட்டுக்கு கிரீஸ் அடிக்கும் இடம் இருக்கிறதா பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். கியர் பாக்ஸ் எண்ணெய், பின்பக்கக் கிரவுன் எண்ணெய் இரண்டையும் நாற்பதாயிரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். இவை இரண்டும் இருப்பதே தெரியாமல் வண்டியை விற்றுவிட்டுப் போனவர்கள் பலர்.

சென்னை, கடலூர்ப் பக்கத்து வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கியவை எத்தனையோ கைமாறியிருக்கின்றன. தரைவிரிப்பை மாற்றிவிடுவார்கள், பெல்ட்டின் அடிப்பகுதியில் உள்ள சேற்றுக்கோட்டை மறந்துவிடுவார்கள்.

11. பேட்டரி, ஏ.சி. ஃபில்டர், வைப்பர், பல்பு: இதெல்லாம் கெட்டால் கெட்டது தெரியும். தெரிந்தபோது மாற்றிக்கொள்ளலாம்.

12. புகையைப் பார்க்கப் பழகுங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். முதலில் ஏர் ஃபில்டர், பிறகு இ.ஜி.ஆர்., கடைசியில்தான் இன்ஜெக்டர். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் விடாமல் வெள்ளை வந்தால், கூலண்ட் குறைகிறதா என்று அதே நாளில் பாருங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலிலேயே நான்கு இன்ஜெக்டருக்கும் விலை சொல்கிற பட்டறையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

13. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். கோபித்துக்கொள்கிற மெக்கானிக் வேண்டாம். உதிரி பாகம் நீங்களே வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் பெல்ட், ஃபில்டர், பிரேக் பேட் மூன்றையும் கம்பெனி அங்கீகரித்த கடையில் மட்டும். அச்சு அசல் அட்டைப்பெட்டியில் போலி சரக்கு வருகிறது. எண்ணெயில் ஊற்றும் மாய மருந்து, டீசலில் கலக்கும் சொட்டு, 'இன்ஜின் ஃப்ளஷ்' எதுவும் உங்கள் வண்டிக்குத் தேவையில்லை.

14. பதினைந்து வருடம் முடியும்போது ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. அதற்கு ஆறு மாதம் முன்பே ஒரு சிறு சுத்தியலோடு சேஸிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் சரி. மொத்தென்று சத்தம் வந்து துருச் செதில் உதிர்கிற இடம் கதவடியிலோ ஃப்ளோரிலோ இருந்தால் டிங்கரிங்கில் தீரும். சேஸிஸ் சட்டத்திலேயே ஓட்டை என்றால் இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த வண்டிக்கு இனி ஒரு டயர்கூட வாங்காதீர்கள், வருகிற விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.