மரமீன் செதுக்கிய தொழிலாளி

ஓய்வு நாள் மாலையில் தோட்டத்து ஆற்றங்கரையிலோ பழைய ஈயக் குட்டையின் ஓரத்திலோ தூண்டிலும் கையுமாக அமர்ந்திருப்போரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மண்புழுவையும் சிறு தவளையையும் கோத்து விரால் பிடிப்பதே நம்மவர்க்குப் பழகிய முறை. இக்காலத்தில் இளைஞர் சிலரிடம் பளபளக்கும் பொம்மை மீன் ஒன்றும் இருக்கக் காண்கிறோம். மலாய் நண்பர்கள் அதனைக் கெவாங் என்பர். கடைக் கண்ணாடிப் பெட்டியில் அதன் விலையைக் கண்டு, இது செல்வர்களின் விளையாட்டுப் பொருள் என்று ஒதுங்கிச் செல்வோரும் உண்டு. ஆனால் அதனை இன்றைய வடிவுக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் செல்வர் அல்லர். காட்டிலும் பண்ணையிலும் கூலி வேலை செய்தவர். அவரைப் பற்றி இம்மாதம் அறிந்து கொள்வோம்.

லௌரி ரபாலா என்பது அவர் பெயர். ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள பின்லாந்து நாட்டில், சிஸ்மா என்னும் ஊரில் 1905ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய குடும்பப் பெயர்கூட ஒரு தவறுதலால் வந்ததே. சிறுவனாகத் தாயுடன் அசிக்காலா என்னும் வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, திருச்சபைப் பதிவேட்டில் பெயரெழுதிய குருவுக்குக் குடும்பப் பெயர் நினைவுக்கு வரவில்லையாம். ஆகவே அவர்கள் விட்டு வந்த கிராமத்தின் பெயரையே எழுதி வைத்தார் என்பர். 'ரபா' எனும் பின்னிஷ் சொல்லுக்குச் சேறு என்பது பொருள். நம் முன்னோர் பலரின் பெயர்களும் பதிவேடுகளில் எப்படியெல்லாம் உருமாறின என்பதை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது.

அசிக்காலாவின் அருகே பைய்யன்னே என்னும் பேரேரி நூறு கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது. குளிர்காலத்தில் அது பனிக்கட்டியாக உறைந்துவிடும். ரபாலா குளிர்காலத்தில் மரம் வெட்டினார். கோடையில் மீன் பிடித்தார். 1930களில் உலகெங்கும் பொருளாதார மந்தம். வீட்டிலோ மனைவி எல்மாவும் வளரும் பிள்ளைகளும். நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில் முட்களைக் கட்டி, ஒவ்வொன்றிலும் இரை கோத்து ஏரியில் இறக்க வேண்டும். அந்த இரைக்கான சிறு மீன்களையும் முதலில் பிடித்தாக வேண்டும். நாளின் பெரும்பகுதி இரை தேடுவதிலேயே கழிந்தால் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும்?

துடுப்புப் படகில் தனியே செல்லும்போது அவர் தண்ணீரை உற்று நோக்கும் பழக்கமுடையவர். சிறு மீன்கள் கூட்டமாக நீந்தும். பெரிய மீன் கீழிருந்து பாய்ந்து ஒன்றைக் கவ்வும். எதைக் கவ்வுகிறது? நேராகவும் விரைவாகவும் நீந்தும் மீனையன்று. அடிபட்டோ நோயுற்றோ சற்றே தள்ளாடும் மீனையே அது தேடிப் பிடிப்பதை அவர் கண்டார். ஆயிரம் பேர் கண்டிருக்கக்கூடிய காட்சிதான். அந்தத் தள்ளாட்டத்தையே மரத்தில் செய்து பார்த்தால் என்ன என்று எண்ணியதில்தான் ரபாலா மற்றவரினின்றும் வேறுபடுகிறார்.

1936ஆம் ஆண்டு தக்கைக் கட்டையொன்றைச் செருப்புத் தைப்போர் கத்தியால் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, விரல் நீள மீன் ஒன்றைச் செய்தார். செதிலின் பளபளப்புக்குச் சாக்லேட் சுற்றிவரும் ஈயத் தாளை ஒட்டினார். தண்ணீர் புகாதிருக்கப் பூச எண்ணெய்ப் பூச்சு வாங்கப் பணமில்லை. பழைய புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி அதன்மேல் பூசினார். அன்றாடம் பால்வெட்டும் கத்தியைக் கையாளும் நம் வாசகர்கள், பட்டையில் கத்தி சற்று ஆழ்ந்தாலும் மரம் கெடும் என்பதை அறிவர். தக்கை மீனிலும் அப்படியே. ஒரு பக்கம் சிறிது கூடுதலாகச் சீவினால் மீன் ஒருக்களித்துப் புரளும்.

பொம்மை மீனை அவரே முதன்முதல் கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகையாகும். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹெட்டன் போன்றோர் அதற்கு முன்பே மரத்தால் செய்து விற்று வந்தனர். ரபாலாவின் பங்கு அதன் நடையில் உள்ளது. இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கரண்டியொன்றின் காம்பில் நூல் கட்டி, ஓடும் நீரில் மெல்ல இழுத்துப் பாருங்கள். குழிந்த பகுதியில் மோதும் நீர் இருபுறமும் ஒரே சமயத்தில் சமமாக வழிவதில்லை. ஆகவே கரண்டி ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் அசைகிறது. ரபாலா மீனின் தாடைக்குக் கீழுள்ள சிறு தகடு செய்யும் வேலையும் இதுவே. இழுக்கும்போது மீன் நீருக்குள் முங்கித் தள்ளாடும். இழுப்பதை நிறுத்தினால் மெல்ல மேலெழும். கனத்த கட்டையாயின் இந்த மென்மையான அசைவு வராது. பின்னாளில் தக்கைக்குப் பதிலாக, தென் அமெரிக்காவில் விளையும் மிக இலேசான பால்சா மரம் பயன்பட்டதும் இதனாலேயே.

முதலில் அது அவருடைய தொழில் கருவி மட்டுமே. இரை தேடும் நேரம் மிச்சமாயிற்று. மீனும் மிகுதியாகக் கிடைத்தது. அயலார் கேட்கவே அவர்களுக்கும் செய்து கொடுத்தார். 1939இல் போர் மூண்டு நாடே நிலைகுலைந்தது. போருக்குப் பின் ரிஸ்டோ, என்சியோ, எஸ்கோ ஆகிய புதல்வர்களும் தொழிலில் இறங்கினர். செய்து முடித்த ஒவ்வொரு மீனையும் தண்ணீரில் நீந்தவிட்டுச் சோதித்த பின்னரே விற்பது அவர் வகுத்த விதி. அவசரத்தில் விட்டுவிடத் தோன்றும் வேலை இது, அவர் விடவில்லை.

1959ஆம் ஆண்டளவில் மினசோட்டாவைச் சேர்ந்த ரான் வெபர் என்னும் தூண்டில் வணிகர் இம்மீனின் திறனைக் கண்டு, ரே ஆஸ்ட்ரம் என்பவருடன் சேர்ந்து அமெரிக்காவுக்குத் தருவித்தார். 1962 ஆகஸ்டில் 'லைஃப்' வார இதழ் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. மறைந்த நடிகை மர்லின் மன்றோவின் படத்தை அட்டையில் தாங்கி வந்த அதே இதழ்! நடிகைக்காக வாங்கியவர்கள் மீனைப் பற்றியும் படித்தனர். ஒரு குடும்பம் கையால் செய்து ஈடுகட்ட முடியாத அளவுக்குக் கேட்புகள் குவிந்தன, தொழிற்சாலை எழுந்தது. வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த கருவி, பொழுதுபோக்காகத் தூண்டில் வீசுவோரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. உயிருள்ள இரையின்றியே மீன் பிடிக்கலாம் என்ற நம்பிக்கையைப் பலருக்கும் தந்தது அதுவே. ரபாலா 1974இல் காலமானார். அந்தச் சேற்றுப் பெயர் இன்றும் அத்தூண்டில் மீன்களின்மேல் அச்சாகி வருகிறது.

இத்தகைய மீன் வைத்திருப்போருக்கு இரண்டு குறிப்புகள். நூலை மூக்கு வளையத்தோடு இறுக்கி முடிந்துவிடாதீர்கள். சிறிய தளர்ந்த கண்ணி விட்டு முடிந்தால்தான் மீன் தாராளமாக அசையும். அம்முடிச்சுக்கே ரபாலா முடிச்சு என்று பெயர் வழங்குகிறது. இழுக்கும்போது மீன் வலப்புறமாகவே ஓடினால், நமக்கு முகத்தைக் காட்டியபடி அதனைப் பிடித்து வளையத்தைப் பாருங்கள். குறடால் வளையத்தை மயிரிழை அளவு இடப்பக்கம் வளையுங்கள். இடப்புறம் ஓடினால் வலப்பக்கம். மீண்டும் நீரில் இழுத்துப் பாருங்கள். நேராகத் தள்ளாடும்வரை சிறிது சிறிதாகவே வளைக்க வேண்டும். முட்கள் மும்முனை கொண்டவை. சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.