ஷிப்ட் வீட்டில் வளரும் பிள்ளை

அன்புள்ள மருமகளுக்கு,

நடை பழகிய பிள்ளை மூன்று வயதை எட்டும்வரை அதற்கு முக்கியமாக வேண்டியவை மூன்று: அடிக்கடி மாறாத நாளொழுங்கு, வீட்டு வேலையில் தனக்கென்று ஓர் இடம், பேச்சுக் கொடுக்க ஒரு பெரிய ஆள். விலை கொடுத்து வாங்கும் பொம்மை, சிறப்பு உணவு, தூரத்து ஊர்ச் சுற்றுலா எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான். கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை சிப்காட் தொழில் வளாகங்களை நம்பிப் பிழைக்கும் எளாவூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் முதலில் குலைவது நாளொழுங்கு. ஆகவே அங்கிருந்து தொடங்குவதே முறை.

ஷிப்ட் முறையில் ஓடும் ஆலையில் வேலை செய்பவருக்கு வாரத்துக்கு வாரம் தூங்கும் நேரமும் சாப்பிடும் நேரமும் மாறும். அந்த மாற்றம் பிள்ளையின் மேல் ஏறக் கூடாது. அப்பா இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புகிறார் என்பதற்காகப் பிள்ளையை அதுவரை விழிக்க வைப்பது பாசம்தான். ஆனால் மறுநாள் முழுதும் அழுகையும் சோறு மறுப்பதுமாக அதன் விலை தெரியும். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எழுவது, குளிப்பது, மூன்று வேளைச் சாப்பாடு, பகல் தூக்கம், இரவுத் தூக்கம் ஆகியவை எந்த வாரமானாலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கட்டும். அப்பாவோடு சேரும் நேரத்தை மட்டும் ஷிப்டுக்கு ஏற்ப மாற்றலாம். பிற்பகல் ஷிப்ட் வாரத்தில் காலைக் குளியலும் காலைச் சாப்பாடும் அவர் பொறுப்பு. காலை ஷிப்ட் வாரத்தில் மாலை உலாவும் இரவுக் கதையும் அவர் பொறுப்பு. நைட் ஷிப்ட் முடித்து அவர் பகலில் தூங்கும் வாரத்தில், காலை நேரத்தைப் பிள்ளையோடு வெளியிலும் சமையற்கட்டிலும் கழித்தால் இருவருக்கும் நிம்மதி. ஒற்றை அறை வீட்டில் பிள்ளையை "சத்தம் போடாதே" என்று மணிக்கணக்கில் அடக்கி வைக்க யாராலும் முடியாது.

ஆலையிலிருந்து வருபவர் பிள்ளையைத் தூக்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரும்பு உருக்கு, ரசாயனம், பேட்டரி, பெயின்ட் போன்ற வேலைகளில் உடுப்பிலும் தலைமுடியிலும் தூசி ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். ஈயத் தூசி பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. எனவே ஷூ வாசலோடு நிற்க வேண்டும். யூனிபார்ம் தனி வாளியில் ஊற வேண்டும்; பிள்ளையின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. குளித்த பிறகே பிள்ளை மடியில் ஏற வேண்டும். பத்து நிமிடம் அழுதாலும் பரவாயில்லை.

அடுத்தது சாப்பாடு. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தனிச் சமையல் தேவையில்லை. வீட்டுச் சமையலில் காரம் சேர்ப்பதற்கு முன் ஒரு பங்கை எடுத்து வைத்தால் போதும். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளைச் சாப்பாடு, இடையில் ஒன்றிரண்டு சிற்றுணவு, இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே பரிந்துரை. திருவள்ளூர்ப் பக்கத்தில் தலைமுறைகளாகப் புழங்கும் கேழ்வரகு இந்த வயதுக்கு நல்ல தானியம். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கூழும் களியும் பழையவர்களுக்கான உணவு என்று ஒதுக்கிவிட்டுப் பிள்ளைக்குக் கடையில் டப்பா மாவு வாங்குவது வீண் செலவு. அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கிக் கஞ்சியாகவோ, வெல்லமும் நெய்யும் சேர்த்து உருண்டையாகவோ கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதை 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது. இதற்குத் துணைபோகும் இரண்டு பழக்கங்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. ஒன்று, டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துப் பிள்ளை வாயில் ஊட்டுவது. உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதை டீ தடுக்கிறது. மற்றொன்று, சோறு சாப்பிடவில்லை என்று மாட்டுப் பாலையே திரும்பத் திரும்பக் கொடுப்பது. நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் பசி அடங்கிப்போகும், இரும்பும் சேராது. முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, ஈரல், மீன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும். கீரைச் சோற்றில் நாலு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்பு நன்றாகச் சேரும். பழவேற்காட்டிலிருந்து வரும் மீன்களில் கிழங்கானின் சதை மென்மையானது. வேகவைத்து, நடுமுள்ளை உருவி, சதையை விரலால் பிசைந்து பார்த்த பிறகே சோற்றில் கலக்க வேண்டும். முழு வேர்க்கடலை, வெட்டாத திராட்சை, பட்டாணி, மிட்டாய் ஆகியவை இந்த வயதில் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. கடலையைப் பொடித்துக் கொடுக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறலாம்.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். எதை, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பது பெரியவர் பொறுப்பு. கைப்பேசியைக் காட்டி ஊட்டினால் வாய் திறக்கும். ஆனால் பசியையும் நிறைவையும் உணரும் பழக்கம் போய்விடும். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதற்குப் பின்னும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல்.

சாப்பாட்டில் ஆசை வருவதற்குச் சிறந்த வழி, சமையலில் கை வைக்க விடுவது. சமையற்கட்டிலிருந்து பிள்ளையை விரட்டுவதைவிட அங்கே அதற்கொரு வேலை கொடுப்பது நல்லது. முருங்கைக்கீரை உருவுவது இரண்டு வயது விரலுக்கென்றே அமைந்த வேலை. காம்பை இடது கையில் பிடித்து வலது கை விரலால் இழுத்தால் இலை உதிரும். முதலில் பாதி இலை தரையில் விழும்; ஒரு மாதத்தில் முறத்தில் விழும். கேழ்வரகு அடை தட்டும் நாளில் மாவு, முருங்கைக்கீரை, பொடியாக நறுக்கிய வெங்காயம், உப்பு சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்றைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டில் அது தன் உள்ளங்கையால் தட்டும். கோணலாக வந்தாலும் அதைத் திருத்தாமல் பெரியவர் எடுத்துக் கல்லில் போட்டு, "இது நீ தட்டிய அடை" என்று சொல்லித் தட்டில் வைத்தால், வேறு நாளில் முகம் திருப்பும் கீரையையும் பிள்ளை தின்னும்.

அடுப்பும் கல்லும் பெரியவருக்கு மட்டுமே. வாடகை வீடுகளில் தரையில் வைத்த கேஸ் அடுப்பை முதல் வேலையாக மேடைக்கு ஏற்ற வேண்டும். மேடை இல்லாவிட்டால் சமைக்கும் நேரத்தில் வாசற்படியில் தடுப்புப் பலகை வேண்டும். சோறு வடித்த கஞ்சி, கொதிக்கும் குழம்பு, வெந்நீர் வாளி இவற்றைத் தரையில் ஆற வைப்பதால் ஏற்படும் தீக்காயங்கள் ஏராளம். காயம் பட்டால் உடனே இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். டூத்பேஸ்ட், மை, மாவு எதையும் தடவக் கூடாது.

கைவேலைக்கான பொருளும் வீட்டைச் சுற்றியே கிடைக்கிறது. ஒன்றரை வயதில் பிள்ளை கிறுக்கத் தொடங்கும்; மூன்று நான்கு கட்டைகளை அடுக்கும். அப்போது ஈரத் தரையில் கிறுக்கக் கோலமாவு கொடுக்க வேண்டாம். அதில் கல்பொடி கலந்திருந்தால் வாய்க்கும் கண்ணுக்கும் ஆகாது. அரிசி மாவே போதும். அரிசி மாவில் மஞ்சள் தூளும் சிறிது எண்ணெயும் வெந்நீரும் சேர்த்துப் பிசைந்து ஆறவிட்டால் உருட்டி விளையாடப் பாதுகாப்பான மாவு கிடைக்கும். வாயில் வைத்தாலும் கெடுதல் இல்லை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, பீட்ரூட் சாற்றில் தோய்த்துப் பழைய நாளிதழில் பதித்தால் ஐந்து முனைப் பூக்கள் வரும். நுங்கு காலத்தில் தின்று முடித்த இரண்டு நுங்குக் கூடுகளைக் குச்சியால் இணைத்து, கவட்டைக் கம்பால் தள்ளும் வண்டி செய்யலாம். செய்வது பெரியவர், தள்ளுவது பிள்ளை. பழவேற்காட்டில் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளும் கிலுகிலுப்பைகளும் பிளாஸ்டிக்கைவிட நல்லவை. உள்ளே கல் இருக்கும் கிலுகிலுப்பையின் ஓலை பிரிகிறதா என்று அடிக்கடி பார்த்து, பிரிந்தால் எடுத்துவிட வேண்டும். பொத்தான் பேட்டரி உள்ள மலிவு விலை விளையாட்டுச் சாமான் வீட்டுக்குள் வரவே கூடாது. விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

வெளியே போவது பிள்ளைக்குச் சாப்பாட்டைப் போலவே தேவை. இந்த வயதில் நாளுக்கு மூன்று மணி நேரமாவது உடல் அசைய வேண்டும். எளாவூரில் மாலை உலாவுக்கு ரயில் நிலையமே போதும். சென்னை–கூடூர் தடத்தில் மின்தொடர் வண்டியும் விரைவு வண்டியும் சரக்கு வண்டியும் மாறி மாறிப் போகும். பெட்டிகளை எண்ணுவதே பிள்ளைக்குப் பாடம். நடைமேடை விளிம்பிலிருந்து விலகி, கையைப் பிடித்தபடியே நிற்க வேண்டும்; நில்லாமல் போகும் வண்டியின் வேகம் பெரியவரையே தடுமாற வைக்கும். ஐந்து வயது வரை ரயிலில் பிள்ளைக்குப் பயணச்சீட்டு கிடையாது. ஆரம்பாக்கம், தடா தாண்டிச் சூலூர்பேட்டையில் இறங்கிச் செங்காளம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு மதியத் தூக்கத்துக்கு முன் திரும்பிவிடலாம். குளிர்காலத்தில் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையின் இருபுறமும் பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாளில் அதைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போனாலே போதும். சிறுவாபுரி முருகன் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்து வேறு நாளில் போவது பிள்ளைக்கு நல்லது.

ஓர் உலாவுக்கு ஓர் இடம் போதும். பழவேற்காட்டில் கரையோடு நின்றுவிட வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் உண்டு. பைக்கில் போனால், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டையும் கட்டாயம், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது. கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்க் மேல் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. வீட்டிலும் தண்ணீர் ஆபத்தானதே: அரை வாளித் தண்ணீரில் பிள்ளை மூழ்கிவிடும். தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்முக்கு மூடி வேண்டும்; குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும்.

பேச்சைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஒரு வீண் பயம் உண்டு. ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் வீட்டில் தமிழும் அண்டையில் தெலுங்கும், வாடகைக் குடியிருப்புகளில் இந்தியும் ஒடியாவும் காதில் விழும். பல மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாவதில்லை. பேச்சுக் கொடுக்க ஆள் இல்லாமல் திரையோடு விடுவதுதான் தாமதமாக்கும். பதினெட்டு மாதத்தில் ஒரு சொல்லும் வராவிட்டாலோ, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாவிட்டாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பாராவிட்டாலோ "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அங்கன்வாடியில் பெயர் பதிந்து மாதந்தோறும் எடை பார்ப்பது, 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய ஊக்கத் தடுப்பூசிகள், ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கொருமுறை வைட்டமின் ஏ திரவம், ஆண்டுக்கு இருமுறை பூச்சி மாத்திரை ஆகியவை எதுவும் தவறக் கூடாது. இரண்டு வயது முடிந்ததும் பிள்ளையை அங்கேயே மதிய உணவுக்கும் ஆட்டம் பாட்டத்துக்கும் அனுப்பலாம். "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்ற பெயரில் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்றே பாடத்திட்டம் இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளையை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் இடம் எதுவும் வேண்டாம்.

இவை எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். அவை தாய் ஒருத்தியால் மட்டும் ஆகக்கூடியவையும் அல்ல. ஆலை வேலை பார்ப்பவர் களைத்து வருகிறார் என்பது உண்மை. வீட்டில் பிள்ளையோடு நாள் முழுதும் நிற்பவளும் களைக்கிறாள் என்பதும் அதே அளவு உண்மை. வாரத்தில் அவருக்குக் கிடைக்கும் விடுமுறை நாளில் சில மணி நேரம் பிள்ளையை முழுதாக அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தாய் ஓய்வெடுக்க வேண்டும். அது அவர் செய்யும் உதவி அல்ல, அவருடைய கடமை. இந்தக் கடிதத்தை அவரும் ஒருமுறை படிக்கட்டும்.

அன்புடன்,
அத்தை