யார் எடுத்த படம்?

நல்ல வெயில் அடிக்கும் நாளில்தான் புகைப்படம் அழகாக அமையும் என்று பலர் நினைப்பதுண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதியருக்கு வெயில் பிடிக்காது. வானம் முழுவதும் மேகம் மூடி, எங்கும் நிழலே விழாத காலை வேளைக்காக அவர்கள் காத்திருப்பார்கள். அவர்கள் படமெடுக்கத் தேர்ந்தெடுத்தவையும் விந்தையானவை: தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள், இரும்பு உருக்கும் ஊதுலைகள், எரிவாயுத் தொட்டிகள். நாள்தோறும் அவற்றைக் கடந்து வேலைக்குச் சென்ற மக்களே நின்று பார்க்காத கட்டடங்கள் இவை. ஏறத்தாழ 50 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து இவற்றை மட்டுமே தேடித் தேடிப் படமெடுத்தார்கள்.

பெர்ன்ட் 1931ஆம் ஆண்டு சீகன் என்னும் ஊரில் பிறந்தார். இரும்புச் சுரங்கங்களும் உருக்காலைகளும் நிறைந்த வட்டாரம் அது. இளமையில் அவருக்கு ஓவியத்தில்தான் நாட்டம். சுவருக்கு வண்ணம் பூசி அலங்கரிக்கும் தொழிலைத் தந்தையிடம் கற்றுக்கொண்டு, பிறகு ஓவியக் கல்வியும் பெற்றார். 1950களின் பிற்பகுதியில், தமது ஊருக்கு அருகிலிருந்த பழைய சுரங்கம் ஒன்றை வரையத் தொடங்கினார். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு படிக்கட்டையும் விடாமல் நுணுக்கமாக வரைய வேண்டும் என்பது அவரது ஆசை. ஆனால், அந்தச் சுரங்கம் மூடப்பட்டு இடிபடத் தொடங்கியிருந்தது. அவர் வரைந்து முடிப்பதற்குள் கட்டடத்தின் ஒரு பகுதி காணாமல் போய்விடும். பென்சிலின் வேகம் போதவில்லை. எனவே, அவர் ஒரு புகைப்படக் கருவியைக் கையில் எடுத்தார். படத்தை எடுத்துவைத்துக்கொண்டு வீட்டில் நிதானமாக வரையலாம் என்பதே அப்போதைய எண்ணம். வரைவதற்குத் துணையாக வந்த கருவி, நாளடைவில் வரைவதையே ஓரங்கட்டிவிட்டது.

ஹில்லாவின் பாதை வேறு. 1934இல் போட்ஸ்டாம் நகரில் பிறந்த அவருக்குப் புகைப்படக்கலை தாயின் வழியே வந்தது. பதின்ம வயதிலேயே படமெடுக்கத் தொடங்கிய அவர், முறையாக ஒரு புகைப்படக்காரரிடம் தொழில் பயின்றார். அரண்மனைகளையும் சிலைகளையும் ஆவணப்படுத்தும் வேலை அங்கே நடந்தது. ஒரு பொருளை உள்ளது உள்ளபடி, கோணல் இல்லாமல், தெளிவாகப் படமெடுப்பது எப்படி என்பதை அவர் அங்கேதான் கற்றார். இதை இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஏனென்றால், பெர்ன்ட்தான் புகைப்படக் கலைஞர், ஹில்லா அவருக்கு உதவியாக இருந்த மனைவி என்று நெடுங்காலம் பலர் கருதினார்கள். உண்மையில், அவர்கள் சந்தித்தபோது முறையான புகைப்படப் பயிற்சி பெற்றிருந்தவர் ஹில்லாவே.

இருவரும் 1957இல் டுசல்டோர்ஃப் நகரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் அறிமுகமானார்கள். 1959இல் சேர்ந்து படமெடுக்கத் தொடங்கினார்கள். 1961இல் திருமணம் செய்துகொண்டார்கள். ஆக, மணவாழ்க்கைக்கு முன்பே பணிவாழ்க்கை தொடங்கிவிட்டது.

அவர்கள் பணியாற்றிய முறை இன்றைய இளையோருக்கு வியப்பாக இருக்கும். கைப்பேசியில் ஒரு நொடியில் பத்துப் படம் எடுத்து, பிடிக்காத ஒன்பதை நீக்கிவிடலாம். அவர்களது கருவியோ கனமான முக்காலியின் மேல் நிற்கும் ஒரு பெரிய பெட்டி. 13 சென்டிமீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ஒளியுணர் படலத்தை ஒவ்வொரு படத்திற்கும் தனித்தனியே அதில் செருக வேண்டும். கருவியின் பின்புறமுள்ள கண்ணாடியில் காட்சி தலைகீழாகத் தெரியும். வெளிச்சம் புகாதபடி கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டுதான் அதைப் பார்க்க முடியும். தரையில் நின்று ஓர் உயரமான கோபுரத்தைப் படமெடுத்தால் அது பின்னோக்கிச் சாய்வதைப் போலத் தோன்றும் அல்லவா? அந்தச் சாய்வு கூடாது என்பதற்காக ஏணியிலோ சாரத்திலோ அருகிலுள்ள மேட்டிலோ ஏறி, கட்டடத்தின் பாதி உயரத்திற்கு வந்து நிற்பார்கள். மேகம் மூடிய வானம் படத்தில் வெள்ளைத் தாள் போல அமையும். கட்டடம் நடுவில் நிற்கும். ஆள் நடமாட்டம் இருக்காது. படம் கறுப்பு வெள்ளையில் இருக்கும். ஒரு படம் பதிவாகவே பல நொடிகள் ஆகும். காற்று பலமாக வீசினால் அந்த உழைப்பெல்லாம் வீண்.

எல்லாப் படத்தையும் ஒரே மாதிரி எடுத்தால் சலிப்பாக இருக்காதா? ஒரே ஒரு படத்தை மட்டும் பார்த்தால் சலிப்பாகத்தான் இருக்கும். ‘இது என்ன, வெறும் தண்ணீர்த் தொட்டிதானே?’ என்று கேட்கத் தோன்றும். அதனால்தான் அவர்கள் படங்களைத் தனியாகக் காட்சிக்கு வைக்காமல் ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என அடுக்கி, கட்டம் கட்டமாகச் சுவரில் மாட்டினார்கள். ஒன்பது தண்ணீர்த் தொட்டிகளை அருகருகே பார்க்கும்போது கண் தானாகவே ஒப்பிடத் தொடங்கும். ஒன்று பந்தைப் போல உருண்டையாக இருக்கிறது. இன்னொன்று தொப்பி போட்டிருக்கிறது. மற்றொன்று மெல்லிய கால்களில் கொக்கைப் போல நிற்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வேலைதான்: தண்ணீரை உயரத்தில் தேக்கிவைத்து, அழுத்தத்தோடு கீழே அனுப்புவது. ஒரே வேலைக்கு இத்தனை உருவங்களா என்ற வியப்பு அப்போதுதான் எழும். கோணத்தையும் ஒளியையும் அவர்கள் மாற்றாமல் வைத்திருந்ததால்தான் கட்டடங்களுக்கிடையே உள்ள வேறுபாடு மட்டும் தனித்துத் தெரிகிறது. அறிவியல் சோதனையில் மற்ற மாறிகளை மாறாமல் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் சோதிப்பதைப் போன்ற முறை இது.

இந்தப் படங்களுக்காக அவர்கள் பயணம் செய்துகொண்டே இருந்தார்கள். ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் தொடங்கி, நெதர்லாந்து, பெல்ஜியம், லக்சம்பர்க், பிரான்சு, பிரிட்டன், அமெரிக்கா வரை சென்றார்கள். 1966இல் இங்கிலாந்திலும் தெற்கு வேல்சிலும் ஆறு மாதம் தங்கிப் படமெடுத்தார்கள். ஒரு வோல்க்ஸ்வேகன் வேன்தான் பயண ஊர்தி. 1964இல் பிறந்த மகன் மேக்சும் உடன் சென்றான். மற்றக் குடும்பங்கள் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகும். அந்தக் குடும்பம் நிலக்கரித் தூசு படிந்த ஊர்களுக்குப் போகும். ஊருக்குப் போனவுடன் படமெடுத்துவிட முடியாது. ஆலை நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, எங்கிருந்து பார்த்தால் முழுக் கட்டடமும் தெரியும் என்று சுற்றிப் பார்த்து, பிறகு ஏற்ற வானிலைக்குக் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதற்கும் ஓர் எல்லை இருந்தது. 1950களின் இறுதியிலிருந்து ரூர் வட்டார நிலக்கரித் தொழில் சரியத் தொடங்கியது. எண்ணெயும் வெளிநாட்டு நிலக்கரியும் மலிவாகக் கிடைத்ததால் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அங்கே எஞ்சியிருந்த கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. சுரங்கம் மூடப்பட்டால் கோபுரத்துக்கு வேலை இல்லை. சுரங்கக் கோபுரத்தின் உச்சியில் பெரிய சக்கரங்கள் இருக்கும். அவற்றின் மேல் ஓடும் இரும்பு வடம்தான் காலையில் தொழிலாளர்களைப் பூமிக்கடியில் இறக்கி, வேலை முடிந்ததும் மேலே ஏற்றும். அந்தச் சக்கரம் நின்றுவிட்டால், மிஞ்சுவது பழைய இரும்புதான். இரும்பு என்றால் எடைக்குப் போடுவார்கள்.

மலேசிய மாணவர்களுக்கு இது புதிய கதை அன்று. பேராக் மாநிலத்தில் பத்து காஜாவுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவாலாங்கில் ஈயம் அள்ளும் கப்பல் ஒன்று இன்றும் பார்வைக்கு இருக்கிறது. 1938இல் கட்டப்பட்ட அது 1982இல் ஓய்வு பெற்றது. கிந்தா பள்ளத்தாக்கில் அதைப் போலப் பல கப்பல்கள் இயங்கின. ரப்பர்த் தோட்டங்களில் இருந்த புகைக்கொட்டகைகளும் வரிசை வீடுகளும் அவ்வாறே. தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் கதை கிடைக்கும். அவர்கள் வேலை செய்த ஆலையின் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் திருமணப் படம்தான் கிடைக்கும். ஆலையைப் படமெடுக்க யாருக்குத் தோன்றியிருக்கும்?

டோர்ட்முண்ட் நகரிலுள்ள சோலர்ன் என்னும் சுரங்கத்தின் கதை சற்று மகிழ்ச்சியானது. அழகிய வண்ணக் கண்ணாடி வாயிலைக் கொண்ட இயந்திரக் கூடம் அங்கே இருந்தது. 1960களின் இறுதியில் அதை இடிக்கத் திட்டமிட்டார்கள். கலைஞர்களும் ஆர்வலர்களும் அதைக் காக்கக் குரல் எழுப்பினார்கள். பெஹர் தம்பதியரும் அந்த முயற்சியில் சேர்ந்துகொண்டார்கள். 1969இல் கூடம் காப்பாற்றப்பட்டது. இன்று அந்தச் சுரங்க வளாகம் ஓர் அருங்காட்சியகம். ஆனால், இப்படித் தப்பியவை சிலவே. அவர்கள் படமெடுத்த கட்டடங்களில் பல இப்போது அந்தப் படங்களில் மட்டுமே இருக்கின்றன.

பெஹர் தம்பதியரின் படங்களைக் குறை கூறுவோரும் உண்டு. இத்தனை சுரங்கங்களைக் காட்டும் படங்களில் ஒரு சுரங்கத் தொழிலாளி கூட இல்லையே என்பது அவர்களின் கேள்வி. கேள்வி நியாயமானதே. கரி படிந்த முகமும் களைத்த தோளும் இல்லாமல் சுரங்கத்தின் வரலாறு முழுமை அடையாது. ஆயினும், எல்லாவற்றையும் ஒரே படத்தொடரில் எதிர்பார்ப்பது சரியாகாது. தொழிலாளர்களைப் படமெடுத்த கலைஞர்கள் வேறு சிலர் இருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு அப்படி யாரும் இருக்கவில்லை.

1970இல் வெளிவந்த அவர்களது நூலுக்கு ‘பெயரறியாச் சிற்பங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பை வைத்தார்கள். அந்தக் கட்டடங்களை வடிவமைத்த பொறியாளர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அழகுக்காக அவை கட்டப்படவும் இல்லை. ஆனாலும், அவை சிற்பங்களே என்பது அவர்களின் கருத்து. கலையுலகம் அதை ஏற்றுக்கொள்ளக் காலம் பிடித்தது. 1990இல் வெனிஸ் நகரக் கலைவிழாவில் அவர்களுக்குத் தங்கச் சிங்க விருது கிடைத்தது. புகைப்படத்துக்கான பிரிவில் அன்று, சிற்பத்துக்கான பிரிவில்! அவர்கள் வைத்த தலைப்பை அந்த நடுவர்கள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார்கள் போலும்.

பெயரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அவர்களது படங்கள் எல்லாவற்றிலும் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். இந்தப் படத்தை எடுத்தவர் யார், கணவரா மனைவியா என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். வெளியாட்களால் அதைச் சொல்ல முடியாது என்றும், தங்களுக்கே அது பெரும்பாலும் மறந்துபோகும் என்றும், அது முக்கியமில்லை என்றும் அவர்கள் விடை கூறினார்கள். அவர்களுக்கு முக்கியமில்லாதது, மற்றவர்களுக்கு முக்கியமாக இருந்தது. 1976இல் டுசல்டோர்ஃப் கலைக் கழகம் பெர்ன்டைப் புகைப்படப் பேராசிரியராக நியமித்தது. ஹில்லாவுக்கு அந்தப் பதவி கிடைக்கவில்லை. பணியில் சரிபாதியாக இருந்தவர் பதவிப் பட்டியலில் இல்லை. எனினும், மாணவர்கள் இருவரிடமும் கற்றார்கள். ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி, தாமஸ் ஸ்ட்ரூத், கேண்டிடா ஹோஃபர், தாமஸ் ரூஃப் ஆகிய புகழ்பெற்ற கலைஞர்கள் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள். குர்ஸ்கி எடுத்த ரைன் ஆற்றின் படம் ஒன்று 2011இல் ஏறத்தாழ 43 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. இன்று நூல்கள் பலவும் அந்த மாணவர் குழுவைக் குறிப்பிடும்போது இருவர் பெயரையும் சேர்த்தே எழுதுகின்றன.

பெர்ன்ட் 2007இல் காலமானார். ஹில்லா அதன்பின் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் அவர் தங்கள் பழைய படங்களைப் பிரித்து, வரிசைப்படுத்தி, நூல்களாகவும் கண்காட்சிகளாகவும் கொண்டுவந்தார். 2015இல், 81 வயதில் அவரும் மறைந்தார்.

வேனில் உடன் சென்ற மகன் மேக்ஸ் பெஹரும் புகைப்படக் கலைஞரானார். அவரும் தனியாகப் படமெடுப்பதில்லை. 1984 முதல் ஆண்ட்ரியா ராபின்ஸ் என்ற கலைஞருடன் இணைந்து பணியாற்றி வருகிறார். இருவரும் கணவன் மனைவி. அமெரிக்கப் பூர்வகுடியினரைப் போல உடையணிந்து கூடும் ஜெர்மானியர்களை அவர்கள் ஒரு படத்தொடராக எடுத்திருக்கிறார்கள். அந்தப் படங்கள் வண்ணப் படங்கள். அவற்றில் மனிதர்களும் இருக்கிறார்கள்.