நாய்க்குட்டியைத் தாயினின்று பிரிக்கத் தக்க பருவம்

களத்து மேட்டிலும், தோப்பிலும், ஆட்டுக்கிடையிலும் நாய் செய்யும் ஊழியத்தை இப்பத்திரிகையை வாசிப்போருக்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஆயினும், கன்றையோ ஆட்டையோ வாங்குங்கால் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதறிந்து வாங்கும் நம் விவசாயிகள், நாய்க்குட்டியை மட்டும் வயது பாராமல் தூக்கிக்கொண்டு வந்துவிடுகின்றனர். கண் திறந்து நடக்கத் தொடங்கியதும், 4 வாரத்திலேயே எடுத்து வருவது பல கிராமங்களில் வழக்கமாயிருக்கிறது. முந்திக்கொண்டவருக்கே நல்ல குட்டி கிடைக்கும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்விதம் கொணர்ந்த குட்டிகளிற் சில, சில நாட்களிலேயே மடிகின்றன. பிழைத்தவற்றுள்ளும் சில, வளர்ந்தபின் சருகு அசைந்தாலும் குரைப்பனவாகவும், சோற்றுத் தட்டருகே வரும் வீட்டுப் பிள்ளையையே கடிப்பனவாகவும் ஆகின்றன. பழி நாயின் ஜாதியின்மேல் சுமத்தப்படுகிறது. குற்றமோ பெரும்பாலும் பிரித்த காலத்தைச் சார்ந்தது. குட்டி 8 வாரம் நிறைந்த பின்னரே தாயை விட்டுப் பிரியத் தக்கது என்பதை இங்கு விளக்குவோம்.

முதல் எட்டு வாரங்கள்

நாய் ஏறத்தாழ 63 நாள் சினையாயிருந்து ஈனுகிறது. பிறந்த குட்டிக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை என்றே சொல்லலாம். 10 முதல் 14 நாட்களுக்குள் கண் திறக்கும். அதனையடுத்துக் காது கேட்கத் தொடங்கும். முதல் 24 மணி நேரத்தில் குடிக்கும் சீம்பால், தாயின் உடலிலுள்ள நோயெதிர்க்கும் சக்தியைக் குட்டிக்கு அளிக்கிறது. நாயின் பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் பசுவின் பாலில் உள்ளவற்றைக் காட்டிலும் இருமடங்குக்கு மேற்பட்டவை. ஆகையால் 4 வாரக் குட்டிக்குத் தண்ணீர் கலந்த பசும்பாலை வைத்துவிட்டு, அது தாய்ப்பாலுக்கு ஈடாகும் என்று நினைப்பது தவறு.

தாயினிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்புச் சக்தி சுமார் 6 வாரத்திலிருந்து படிப்படியாகக் குறைந்துகொண்டு வரும். அவ்வேளையில் தாயைப் பிரிந்த ஏக்கமும், புதிய ஆகாரமும், புதிய இடமும் ஒருங்கே சேருமாயின் குட்டி எளிதில் நோய்க்கு இரையாகும். இரத்தக் கழிச்சலும் வாந்தியும் உண்டாக்கி இரண்டொரு நாளிற் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வியாதி, 1978ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவியது. அது தாக்குவது பெரும்பாலும் இப்பருவத்துக் குட்டிகளையே.

தாய் கற்பிக்கும் பாடம்

3 வாரத்துக்கு மேல் குட்டிகளுக்கு ஊசி போன்ற பாற்பற்கள் முளைக்கின்றன. முலை நோவதால் தாய் நின்றுகொண்டே பாலூட்டும். சில வேளை எழுந்து அப்பாற் போய்விடும். இதைக் கண்டு, "தாய் குட்டிகளைத் தள்ளிவிட்டது, இனி எடுத்துப் போகலாம்" என்று கருதுவோர் பலர். உண்மையில் தாயின் போதனை தொடங்குவது அப்பொழுதுதான். அழுத்திக் கடித்த குட்டியைத் தாய் உறுமி அடக்கும். உடன்பிறந்த குட்டியைக் கடித்தால் அது வீரிட்டு விளையாட்டை விட்டு விலகும். எவ்வளவு கடித்தால் நோகும், எப்பொழுது விட வேண்டும் என்பதை 4 முதல் 8 வாரத்துக்குள் குட்டி இவ்வாறே அறிந்துகொள்கிறது. இப்பாடத்தைப் பின்னாளில் நாம் தடியெடுத்துப் புகட்ட முடியாது.

ஆராய்ச்சிகள் காட்டுவன

தென்னாப்பிரிக்காவில் ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளை 6 வாரத்திற் பிரித்தும், 12 வாரம் வரை தாயுடன் விட்டும் ஒப்பிட்டுப் பார்த்தனர். இதன் முடிவு 1993இல் வெளியாயிற்று. 6 வாரத்திற் பிரிந்தவை பசி மந்தித்து எடை குறைந்தன. அவற்றில் நோயும் சாவும் மிகுந்தன. இத்தாலியில் 140 நாய்களின் குணங்களை அவற்றின் உடையவர்களிடம் விசாரித்து 2011இல் ஓர் ஆராய்ச்சி வெளியிடப்பட்டது. அவற்றுட் பாதி 30 முதல் 40 நாட்களிலும், மறுபாதி 2 மாதத்திலும் தாயைப் பிரிந்தவை. முன்னவற்றில் ஓயாத குரைப்பு, ஓசைக்கு மிரளுதல், ஆகாரத்தை நெருங்கவிடாமல் சீறுதல், பொருள்களைக் கடித்துக் குதறுதல் ஆகிய குணங்கள் அதிகமாகக் காணப்பட்டன.

காலந்தாழ்த்தலும் ஆகாது

அவ்வாறாயின் 4 மாதம் வரை தாயிடம் விட்டுவைக்கலாமே எனின், அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. 3 முதல் 12 வாரம் வரையுள்ள காலத்திற் குட்டி எவற்றோடு பழகுகிறதோ அவற்றையே தன் சுற்றமாகக் கொள்ளும். அமெரிக்காவில் 1961இல் வெளியான ஒரு பரிசோதனையில், மனிதர் வாடையே படாமல் 14 வாரம் வளர்ந்த குட்டிகள் அதன்பின் மனிதரை நெருங்க அஞ்சின. ஆகவே, ஈன்ற நாயை வைத்திருப்பவர் 3 வாரம் முதல் குட்டிகளை நாள்தோறும் கையிலெடுத்துப் பழக்க வேண்டும். மாட்டு மணி, பம்பு செட்டு, டிராக்டர், குழந்தைகளின் கூச்சல் ஆகியவற்றை அவை கேட்டு வளரட்டும். ஆட்டுக்கிடைக் காவலுக்கென எடுக்கும் குட்டியை 8 வாரம் நிறைந்ததும் ஆட்டுக்குட்டிகளோடு பட்டியிலேயே விட்டு வளர்த்தால், அது மந்தையைத் தன் இனமாகவே பாவிக்கும்.

வயதறியும் விதம்

கொடுப்பவர் வயதை அறியாராயின் பல்லைப் பார்த்தறியலாம். கண் மூடியிருப்பின் 2 வாரத்துக்கு உட்பட்டது. முன்பற்களும் கோரைப்பற்களும் மட்டும் முளைத்திருப்பின் ஏறக்குறைய 4 வாரத்தது. மேலே 14, கீழே 14, ஆக 28 பாற்பற்களும் 8 வாரத்துக்குள் முளைத்து நிறையும். 28 எண்ணுமுன் குட்டியைத் தூக்காதிருப்பது நலம். நல்ல குட்டி பிறர் கைக்குப் போய்விடுமே என்று அஞ்சுவோர், குட்டியைத் தேர்ந்து அடையாளமிட்டுப் பேசிவைத்துவிட்டு, 8 வாரம் தாயிடமே விட்டுவைக்கலாம். இராஜபாளையம் நாய்களிற் சிலவற்றுக்குப் பிறவியிலேயே செவிட்டுத்தன்மை உண்டாகையால், அவ்வினக் குட்டியை எடுப்போர் அதன் பின்புறமாக நின்று கைதட்டி, செவி கேட்கிறதா என்று சோதித்தறிவது அவசியம்.

பிரிக்கும் முறை

4 வாரம் முதல் பாலில் கரைத்த கேழ்வரகுக் கூழ், குழைந்த சோறு, வேகவைத்த முட்டை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குக. தாய் ஏறிப் படுக்கவும் குட்டிகள் ஏற முடியாமலும் உள்ள ஒரு திண்ணை அருகிலிருப்பின், அது வேண்டும்போது விலகி இளைப்பாறும். எல்லாக் குட்டிகளையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் தாயின் மடியிற் பால் கட்டி வீக்கம் காணும். ஆதலின் சில நாள் இடைவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தல் நன்று. புதிய வீட்டில் முதல் வாரம் பழைய ஆகாரத்தையே நாளொன்றுக்கு 4 வேளையாகக் கொடுக்க வேண்டும். தாய் படுத்த சாக்குத் துண்டொன்றை உடன் கொண்டுவந்து போட்டால் இரவில் அழுகை குறையும். சங்கிலியிற் கட்டுதல் இவ்வயதிற் கூடவே கூடாது.

தாய் இறந்துவிட்ட குட்டிகளுக்கு, பால் கொடுக்கும் வேறொரு நாயைப் பழக்கிப் பார்க்கலாம். அது கிட்டாவிடில், கால்நடை வைத்தியரின் யோசனைப்படி வெதுவெதுப்பான பாலைப் புகட்ட வேண்டும். 3 வாரம் வரை ஒவ்வொரு வேளையும் ஈரத் துணியால் அடிவயிற்றைத் துடைத்தாலன்றி அவை சிறுநீர் கழியா. உடன்பிறந்தவற்றை ஒன்றாகவே வைத்து வளர்த்தால், கடியை அடக்கும் பாடத்தில் ஒரு பகுதியேனும் கிட்டும்.

வியாதித் தடுப்பும் கிராம அதிகாரிகளின் கடமையும்

குட்டிகளுக்குத் தாயின் வழியாகவே குடற்புழு வரும். ஆகையால் 2 வாரம் முதல் இரு வாரத்துக்கு ஒருமுறை புழுநீக்கும் மருந்து கொடுக்க வேண்டும். பார்வோ முதலிய வியாதிகளுக்கு 6 முதல் 8 வாரத்திற் தொடங்கி, 16 வாரம் வரை வைத்தியர் குறிக்கும் இடைவெளியில் ஊசி போடுதல் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதம் நிறைந்ததும் போடப்படும். அதன்பின் ஆண்டுதோறும் போட வேண்டும்.

குட்டிதானே என்று அதன் கடியை அலட்சியம் செய்தல் உயிருக்கே ஆபத்து. வெறிநோய் கண்ட குட்டியின் பற்கீறலும் நோயைத் தரும். அறிகுறி தோன்றிய பின்னரோ பிழைப்பது மிக மிக அரிது. கடித்த இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளல் வேண்டும்.

8 வாரத்துக்கு உட்பட்ட குட்டியை நாய் வளர்த்து விற்போர் விற்றலாகாது என 2017ஆம் ஆண்டின் மத்திய அரசாங்க விதிகள் கூறுகின்றன. கிராம அதிகாரிகள் இதனைச் சந்தைகளிலும் கூட்டங்களிலும் எடுத்துரைப்பதோடு, ஊரில் ஈன்ற நாய்களைக் குறித்துவைத்து, குட்டிகள் 3 மாதம் எய்தும் சமயம் பார்த்துக் கால்நடை மருந்தகத்தாரைக் கொண்டு ஊசி போடுவிப்பாராயின், நன்மை நாய்க்கு மட்டுமன்று, ஊர்க் குழந்தைகளுக்கும் உண்டாகும். நான்கு வாரப் பொறுமைக்குக் கூலியாகப் பத்தாண்டுக் காவல் கிடைக்குமெனின், அதில் நஷ்டமொன்றும் இல்லை.