ஓராண்டு அரசுப் பயிற்சி: நம் பிள்ளைகள் கொண்டு வந்த பாடங்கள்



டிப்ளமோவும் டிகிரியும் முடித்த நம் பிள்ளைகள் சிலர் அரசு அலுவலகங்களிலும் அரசு நிறுவனங்களிலும் ஓராண்டு தொழில் பழகுநர் பயிற்சி முடித்து வந்திருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து, என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டோம். சொன்னதில் பாதி, நம் ஊர் முழுவதும் கேட்க வேண்டியதாக இருந்தது.

முதலில் பெற்றோர்கள் கேட்கும் கேள்வி: "வருஷம் முடிஞ்சா வேலை போட்டுக் கொடுப்பாங்களா?" கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி பயிற்சியில் இருப்பவர் ஊழியர் அல்லர், கற்பவர். கிடைப்பதும் சம்பளம் அல்ல, உதவித்தொகை. 2019இல் திருத்திய விதிகள் டிப்ளமோ படித்தவருக்கு மாதம் 8,000 ரூபாய், பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று குறைந்தபட்சத்தை வைத்தன. பட்டாசு ஆலையில் பீஸ் ரேட்டுக்குப் போனால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒரு தகப்பனார் சொன்னார். உண்மைதான், கணக்கு அப்படித்தான் வரும். ஆனால் 1995இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கூறியிருக்கிறது. அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம் அல்ல.

பேருந்துப் பணிமனைக்குப் போன பையன் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். அங்கே பிரேக் பார்த்ததாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவனுக்கு வாய்த்த மெக்கானிக் வற்புறுத்தினாராம். முதல் மாதம் அவனுக்குச் சலிப்பு. பிறகு காலையில் அதே பேருந்தில் பள்ளிப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்தபோது, அந்தக் கையெழுத்து யாருக்காக என்று புரிந்ததாம்.

நம் வட்டாரத்துக்கு இது வெறும் பேருந்துக் கதை அல்ல. பட்டாசுக்கு உரிமம் வழங்குவதில் மூன்று படி இருக்கிறது என்பது நமக்குப் பேச்சுவழக்கிலேயே தெரியும்: டிஆர்ஓ லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ். ஒரு நேரத்தில் 15 கிலோ வரை மாவட்ட நிர்வாகம். அதற்கு மேல் 500 கிலோ வரை வெடிபொருள் துறையின் மண்டல அலுவலகம். அதற்கும் மேல் என்றால் நாக்பூரில் உள்ள தலைமை அலுவலகம். இந்த எண்களை நாம் ஆலையின் அந்தஸ்தாகத்தான் பார்த்துப் பழகிவிட்டோம். நாக்பூர் லைசென்ஸ் என்றால் பெரிய முதலாளி! ஆனால் அந்த எண் சொல்வது வேறு. அந்த வளாகத்தில் எவ்வளவு மருந்து இருக்கலாம், அதற்கு ஏற்ப அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதுதான் அதன் பொருள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர், சத்தம் கேட்டு உதவ ஓடி வந்தவர்கள். 2021 பிப்ரவரியில் அச்சன்குளம். அறைக்கு நான்கு பேர் என்று எழுதியிருக்கும் இடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்தால், உள்குத்தகைக்கு விட்டு மரத்தடியில் மருந்து செலுத்தினால், காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டவர் நேரில் போய்ப் பார்த்தாரா என்பதுதான் கேள்வி. அந்த இடத்தில் நாளை நம் பிள்ளை ஒருவர் உட்கார்ந்தால் என்ன செய்வார்?

இன்னொரு பாடம் ஒரு மாணவி சொன்னது. அவர் இருந்த அலுவலகத்துக்கு முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு மூதாட்டி வந்தார். மனுவை எழுதிக் கொடுத்ததும், முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய்த் தாளை மேசையில் வைத்தார். யாரும் கேட்கவில்லை. "வேண்டாம் பாட்டி, இதுக்குக் காசு கிடையாது" என்றதும் மூதாட்டிக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம் வந்துவிட்டது. காசு வாங்காவிட்டால் மனு நகராது என்று நினைத்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்ப அரை மணி நேரம் ஆனதாம்.

இதைக் கேட்டதும் எங்களுக்கு இப்னுல் லுத்பிய்யா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் அது. பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க நபி (ஸல்) அவர்கள் அவரை அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் பொருளை இரண்டாகப் பிரித்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். அவர் தம் தாய் தந்தை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று எல்லோரும் கேட்கும்படி கேட்டார்கள். லஞ்சம் என்ற சொல்லே அங்கே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வந்தது நாற்காலிக்காகவா, மனிதருக்காகவா என்பது மட்டுமே கேள்வி. தீபாவளிக்கு அலுவலகங்களுக்குப் போகும் கிஃப்ட் பாக்ஸ்களைக் கட்டி அனுப்பும் ஊரில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யூசுப் (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தம்மிடம் இரண்டு தகுதிகள் இருப்பதாகச் சொன்னார்கள்: பேணிக் காப்பது, விவரம் அறிந்திருப்பது. அமானிதத்தைப் பற்றி நாம் மதரஸாவில் சொல்லித் தருகிறோம். விவரம்? ஒரு கோப்பு எங்கே தொடங்கி எந்த மேசையில் முடிகிறது என்று நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கையில் ஐஏஎஸ் அதிகாரிகளில் முஸ்லிம்கள் சுமார் 3 சதவீதம், ரயில்வே ஊழியர்களில் 4.5 சதவீதம். தமிழகத்தில் 2007 முதல் நமக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழைச் சரியாக வாங்காமல் அதையும் சிலர் இழக்கிறார்கள். ராவுத்தர், லப்பை, மரைக்காயர், தக்கனி, ஷேக், சையத், அன்சார், மாப்பிள்ளா, தூதேகுலா ஆகிய பிரிவினர் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று எழுதப்பட்ட சான்றிதழ் பெற வேண்டும். "முஸ்லிம்" என்று மட்டும் பள்ளிச் சான்றில் இருந்தால், தகப்பனார் அல்லது கூடப் பிறந்தவர்களின் சான்றிதழ் இருக்கிறதா என்று இப்போதே பீரோவில் தேடிப் பாருங்கள். பயிற்சிக்கு அழைப்பு வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் நாள் போதாது.

பட்டம், டிப்ளமோ முடித்தவர்கள் மத்திய கல்வி அமைச்சகத்தின் நாட்ஸ் இணையதளத்தில் பதிவு செய்யலாம். தென் மண்டலத்துக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஐடிஐ முடித்தவர்களுக்குத் தனி இணையதளம் உண்டு. பதிவுக்குக் கட்டணம் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆதார், மதிப்பெண் சான்றிதழ்கள், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றோடு ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வந்தால், பதிவு செய்ய நாங்கள் உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ். பெண் பிள்ளைகள் தாயாரோடு வரலாம்.