சர்க்கார் உதவியும் ஊராரின் வலிமையும்

வெள்ளம் வடிந்தபின் வருகின்ற சர்க்கார் பணம் ஓர் ஊரின் துயரைத் துடைக்கின்றது. அதே பணம் அவ்வூரை அடுத்த வெள்ளத்திற்குத் தயார் செய்கின்றதா? இதனை நாம் நிதானமாக ஆராய வேண்டும்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி பெய்த பெருமழையால் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியது. மாடிகளிலும் கூரைகளிலும் பலர் உணவின்றித் தவித்தனர். அவர்களை மீட்ட படகுகளில் பல, அண்டை அயலாரும் தொண்டர்களும் கொண்டுவந்தவை. பெட்டாலிங் ஜெயா சீக்கியர் குருத்துவாராவில் சமைத்த உணவு இனம், மதம் பாராது வழங்கப்பட்டது. அதன் பின்னரே, குடும்பத் தலைவர் ஒருவருக்கு 1,000 வெள்ளி என்ற சர்க்கார் உதவித்தொகை கைக்கு வந்தது.

அத்தொகையை நாம் குறைத்துப் பேசலாகாது. அனைத்தையும் இழந்த ஏழைக்கு அதுவே அரிசி, அதுவே பாய். எனினும், அந்தப் பருவத்து வெள்ளங்களால் நாட்டுக்கு நேர்ந்த நஷ்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா மதிப்பிட்டது. அதில் வீடுகளின் சேதம் மட்டும் 160 கோடி. மேலும், குடும்பவாரியாகப் பிரித்தளிக்கும் பணம் அந்தந்த வீட்டோடு முடிந்துவிடும். ஊருக்குப் பொதுவாக ஒரு படகையோ, ஒரு நீரிறைக்கும் இயந்திரத்தையோ அது விட்டுச் செல்வதில்லை.

முன்கூட்டிச் செலவிடும் பணமோ வேறு வகை. கோலாலம்பூரில் 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம், வெள்ளநீரை நகர மையத்திற்குள் புகவிடாமல் திருப்பிவிடுகின்றது. ஆனால் இத்தகைய பெருந்திட்டங்கள் ஒவ்வொரு தாமானுக்கும் வருவது சாத்தியமல்ல. பெருந்திட்டத்திற்கும் ரொக்க உதவிக்கும் நடுவே, ஊராரின் கையில் கருவியும் பயிற்சியும் அளிக்கும் சிறுசெலவு ஒன்று வேண்டும். முதல் இரண்டு நாட்களில் உயிர் காப்பது அதுவேயாகும்.

ஆகவே, நிவாரணத்தோடு இதனையும் நாம் சர்க்காரிடம் கோர வேண்டும். கோரிவிட்டுக் காத்திருத்தலும் தகாது. நம் வட்டாரத்தில் தனித்து வாழும் முதியோர் யார், படுக்கையில் கிடக்கும் நோயாளி எந்த வீட்டில், மாடி வீடு யாருக்கு உண்டு என்ற விவரங்களைச் சங்கங்கள் இன்றே எழுதி வைக்கலாம். அடையாளக் கார்டையும் வீட்டுப் பத்திரங்களையும் நீர்புகாத பையில் வைக்குமாறு ஒவ்வொரு வீட்டாருக்கும் சொல்லலாம். இவற்றிற்குப் பணம் அதிகம் வேண்டாம். ஒருவரையொருவர் அறிந்திருந்தால் போதும். அவ்வாறு ஒன்றுபட்ட ஊருக்குச் சர்க்கார் தரும் ஒவ்வொரு வெள்ளியும் இருமடங்கு பயன்தரும்.